மெயில் சர்வர் தன் முகவரியைத் தப்பாகப் புரிந்துகொண்டால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு மெயில் சர்வர் எந்தெந்த ஐபி முகவரிகளைத் தன்னுடையவை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை, எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒருநாள் அலுவலக ஸ்கேனர் மெயில் அனுப்ப மறுக்கும், அல்லது திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் க்யூவில் (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசையில்) முன்பின் தெரியாத ஆட்களின் கடிதங்கள் மலைபோல் நிற்கும், அப்போதுதான் தேட ஆரம்பிப்போம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை மையமாக வைத்து எழுதுகிறேன், அதே வேலையைச் செய்யும் எக்ஸிமும் சென்ட்மெயிலும் தேவைப்படும் இடத்தில் வரும். அமைப்புப் பெயர்களை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், கான்ஃபிக் ஃபைலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. சர்வர் தன்னையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறது. "இந்த முகவரி நானா?" என்பது ஒன்று. மெயில் இங்கேயே இறங்க வேண்டுமா, வேறு எங்காவது போக வேண்டுமா என்பதை இது முடிவு செய்கிறது. "இந்த முகவரியிலிருந்து பேசுபவர் நம் ஆளா?" என்பது இன்னொன்று. பாஸ்வேர்ட் கேட்காமல் யாருடைய மெயிலை உலகத்துக்கே அனுப்பிக் கொடுக்கலாம் என்பதை இது முடிவு செய்கிறது. போஸ்ட்ஃபிக்ஸில் முதல் கேள்விக்கான பதில் ஐநெட்_இன்டர்ஃபேசஸ், ப்ராக்ஸி_இன்டர்ஃபேசஸ் இரண்டிலும் இருக்கிறது, இரண்டாவதற்கான பதில் மைநெட்வொர்க்ஸில். நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டால் இரண்டுக்குமே பதில் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது: கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போய் "இந்த மெஷினில் என்னென்ன இன்டர்ஃபேஸ் (நெட்வொர்க் இணைப்பு) இருக்கிறது, ஒவ்வொன்றின் முகவரி என்ன, நெட்மாஸ்க் என்ன" என்று கேட்பதுதான். அவ்வளவே. ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொது முகவரி அதற்குத் தெரியாது, பக்கத்து மெஷின் நல்லவனா என்பதும் தெரியாது.

என் கருத்து இதுதான்: முதல் கேள்வியில் ஊகத்தை நம்பலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இரண்டாவதில் ஒருபோதும் நம்பாதீர்கள், கையால் எழுதுங்கள். ஒரு இன்டர்ஃபேஸில் முகவரி இருக்கிறது என்பதற்காக அந்த நெட்வொர்க்கில் இருப்பவர் எல்லாம் நம்பத் தகுந்தவர் ஆகிவிட மாட்டார்.

எதையும் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஐபி அட்ரஸ் ஷோ கமாண்டை ஓட்டி எந்த இன்டர்ஃபேஸில் என்ன முகவரி, எவ்வளவு மாஸ்க் (முகவரியின் எத்தனை பிட்கள் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன என்பது, /24 மாதிரி எழுதுவது) என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து போஸ்ட்கான்ஃப் கமாண்டை இரண்டு விதமாக ஓட்டுங்கள்: மைநெட்வொர்க்ஸ் என்ற பெயரை மட்டும் கொடுத்தால் இப்போது நடைமுறையில் இருக்கும் மதிப்பு வரும், முன்னால் கழித்தல் குறியும் சின்ன டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் எதுவும் எழுதாமல் விட்டிருந்தால் அது என்ன ஊகித்திருக்கும் என்பது வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அநேகமாக நீங்கள் ஊகத்தின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் லாக். "கனெக்ட் ஃப்ரம்" என்று தொடங்கும் வரிகளை மட்டும் ஒரு ஐம்பது எடுத்து வரிசையாகப் படியுங்கள். சதுர அடைப்புக்குள் இருக்கும் ஐபிதான் சர்வரின் கண்ணுக்குத் தெரியும் உலகம், நீங்கள் மனதில் வைத்திருக்கும் நெட்வொர்க் வரைபடம் வேறாக இருக்கலாம். இனி வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த ஒரு பழக்கத்திலேயே பிடிபட்டுவிடும்.

அறிகுறி: உள் நெட்வொர்க்கிலிருந்தே "ரிலே ஆக்சஸ் டினைட்"

ஸ்கேனர், பில்லிங் மென்பொருள், கண்காணிப்புக் கேமரா ரெக்கார்டர், இந்த மாதிரி பாஸ்வேர்ட் போட்டு மெயில் அனுப்பத் தெரியாத சாதனங்கள் திடீரென்று 454 அல்லது 554 என்ற எண்ணோடு இந்தச் செய்தியைக் காட்டும். ரிலே என்றால் மெயிலை வாங்கி வேறு சர்வருக்குக் கடத்திவிடுவது. 454 என்றால் "இப்போது முடியாது, பிறகு முயன்று பார்", 554 என்றால் "முடியவே முடியாது". போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 முதல் இயல்பாக வருவது 454தான். எண் எதுவானாலும் காரணம் ஒன்று: அந்தச் சாதனத்தின் முகவரி மைநெட்வொர்க்ஸில் இல்லை.

இது புது மெஷினுக்கு மாறிய பிறகோ வெர்ஷன் ஏற்றிய பிறகோ வந்தால், பழைய இயல்பு மதிப்பு மாறியதுதான் பெரும்பாலும் காரணம். மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதற்கு மூன்று மதிப்புகள்: ஹோஸ்ட், சப்நெட், கிளாஸ். 3.0 வெர்ஷனுக்கு முன்பு (அது வந்தது 2015இல்) இயல்பு மதிப்பு சப்நெட், அதாவது இன்டர்ஃபேஸின் மாஸ்க்குக்குள் வரும் எல்லா மெஷினும் நம் ஆள். 3.0இலிருந்து இயல்பு மதிப்பு ஹோஸ்ட், அதாவது நான் மட்டும்தான் என் ஆள். பழைய கான்ஃபிக்கோடு ஏற்றியவர்களுக்கு உடனே உடையாது, காம்பாட்டிபிலிட்டி_லெவல் 2க்குக் கீழே இருக்கும்வரை அது பழையபடியே நடந்துகொள்ளும், ஆனால் பழைய இயல்பு மதிப்பை வைத்துத்தான் இந்தக் கோரிக்கையை அனுமதிக்கிறேன் என்று லாகில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த வரியைப் பல வருடம் படிக்காமல் விட்டு, ஒருநாள் லெவலை உயர்த்தியதும் ஸ்கேனர் நின்றுபோவது வழக்கமாக நடப்பதுதான்.

சரிசெய்ய, மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைலைத் திரும்ப சப்நெட் ஆக்காதீர்கள். எளிதாக இருக்கும், தெரியும், ஆனாலும் வேண்டாம். மைநெட்வொர்க்ஸிலேயே கையால் எழுதுங்கள்: 127.0.0.0/8, [::1]/128, அப்புறம் ஸ்கேனரின் தனி முகவரி, உதாரணமாக 192.168.1.40/32. மைநெட்வொர்க்ஸை எழுதிவிட்டால் ஸ்டைல் அமைப்பைப் போஸ்ட்ஃபிக்ஸ் பார்க்கவே பார்க்காது, இரண்டையும் எழுதி வைத்துவிட்டு "ஸ்டைல் வேலை செய்யவில்லையே" என்று தேடுபவர்களும் உண்டு. ஸ்கேனருக்கு ரவுட்டரில் நிலையான முகவரி ஒதுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அடுத்த மின்தடைக்குப் பிறகு அது 192.168.1.43 ஆகிவிடும், நீங்கள் மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

192.168.1.5/24 என்று எழுதினால், மாஸ்க்குக்கு வெளியே பிட்கள் இருக்கின்றன, 192.168.1.0/24 என்று எழுத நினைத்தீர்களா என்று லாகிலேயே கேட்கும். அதை அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதிலேயே ஒரு கிளை அறிகுறி: அதே மெஷினில் ஓடும் பயன்பாடு "லோக்கல்ஹோஸ்ட்" என்ற பெயருக்கு அனுப்பினால் மறுக்கப்படுகிறது, 127.0.0.1 என்று எண்ணாகக் கொடுத்தால் போகிறது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயர் ஐபிவி6இல் ::1 என்ற முகவரியாக மாறியிருக்கிறது, மைநெட்வொர்க்ஸில் ஐபிவி4 வரி மட்டும் இருக்கிறது. சதுர அடைப்போடு [::1]/128 சேர்த்தால் முடிந்தது.

அறிகுறி: க்யூவில் அந்நியர்களின் மெயில்

இதுதான் உண்மையிலேயே வலிக்கிற ஒன்று. உங்கள் ஐபி கறுப்புப் பட்டியலில் ஏறும், அலுவலகத்தின் உண்மையான மெயில்கூட யாருக்கும் போய்ச் சேராது, மீட்டெடுக்க நாள்கணக்கில் ஆகும். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் வேலை, இது திருடப்பட்ட பாஸ்வேர்டா, தவறான நம்பிக்கையா என்று பிரிப்பது. க்யூவில் ஒரு மெயிலின் எண்ணை எடுத்து லாகில் தேடுங்கள். "கிளையன்ட்" என்று வரும் வரியிலேயே "எஸ்ஏஎஸ்எல்_யூசர்நேம்" என்று ஒரு பயனர் பெயரும் இருந்தால், யாரோ ஒருவருடைய பாஸ்வேர்ட் வெளியே போயிருக்கிறது, அதை மாற்றுங்கள், இந்தக் கட்டுரை உங்கள் பிரச்சினைக்கானது அல்ல. பயனர் பெயர் இல்லாமல் வெறும் கிளையன்ட் முகவரி மட்டும் இருந்து, அது 192.168 என்றோ, 172.16 முதல் 172.31 வரை ஏதாவது ஒன்றாகவோ, 10 என்றோ தொடங்கினால் சர்வர் அந்நியரை வீட்டு ஆளாக நினைத்துவிட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் அந்நியர் எப்படி உள் முகவரி போட்டுக்கொண்டு வந்தார் என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி ரவுட்டர். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறிய அலுவலகத்தின் சர்வரில் மைநெட்வொர்க்ஸ் 192.168.1.0/24 என்று பல வருடமாக இருந்தது, எந்தத் தொல்லையும் இல்லை. ரவுட்டர் பழுதாகிப் புதிதாக ஒன்று மாட்டினார்கள். அந்தப் புது ரவுட்டர் போர்ட் 25ஐ உள்ளே திருப்பி விடும்போது சேருமிட முகவரியை மட்டும் மாற்றாமல் அனுப்பியவரின் முகவரியையும் தன் சொந்த முகவரியாக மாற்றிவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை உலகம் முழுவதும் 192.168.1.1இலிருந்து பேசியது, 192.168.1.1 பட்டியலுக்குள் இருந்தது, அவ்வளவுதான், இரண்டே நாளில் க்யூ நிரம்பிவிட்டது. சர்வரில் ஒரு எழுத்துகூட மாறவில்லை என்பதால் கான்ஃபிக்கையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். லாகில் "கனெக்ட் ஃப்ரம்" வரிகளைப் பார்த்த நிமிடத்தில் புரிந்துவிட்டது, எல்லா வரியிலும் ஒரே முகவரி. அன்றிலிருந்து ரவுட்டரின் உள் முகவரி மைநெட்வொர்க்ஸுக்குள் விழும்படி எங்கேயும் எழுதுவதில்லை.

இரண்டாவது டாக்கர், அதாவது மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓட்டும் கருவி. கன்டெய்னருக்குள் இருக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் தன் இன்டர்ஃபேஸைப் பார்த்தால் 172.18.0.0/16 மாதிரி ஒரு பெரிய நெட்வொர்க் தெரியும். "மற்ற கன்டெய்னர்களும் அனுப்ப வேண்டுமே" என்று அதை நம்பகமானதாக எழுதிவிடுகிறோம். ஐபிவி4இல் வரும் வெளி இணைப்புகள் பெரும்பாலும் உண்மையான முகவரியோடே உள்ளே வரும், சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் ஹோஸ்ட் மெஷினுக்கு ஐபிவி6 முகவரி இருந்து, கன்டெய்னர் நெட்வொர்க்கில் ஐபிவி6 இல்லையென்றால், அந்த இணைப்பை டாக்கரின் சொந்த ப்ராக்ஸி ப்ராசஸ் வாங்கி உள்ளே மறுபடி புதிதாக இணைக்கும், அப்போது வருபவரின் முகவரி அந்த நெட்வொர்க்கின் கேட்வே முகவரியாக, 172.18.0.1 ஆக, மாறிவிடும். அதுவும் நம்பகப் பட்டியலுக்குள்தான். ஐபிவி4இல் பூட்டிய கதவு, ஐபிவி6இல் திறந்தே கிடக்கிறது. டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஐபிவி6 முகவரி சேர்த்த மறுநாளே ஸ்பேம் வர ஆரம்பித்தது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தீர்வு, கன்டெய்னர் நெட்வொர்க்கையே ஐபிவி6 உள்ளதாக அமைப்பது, அல்லது ஐபிவி6இல் மெயில் போர்ட்டைத் திறக்காமல் இருப்பது. எப்படியானாலும் மைநெட்வொர்க்ஸில் முழு /16 எழுதாமல், மற்ற கன்டெய்னர்களைப் போர்ட் 587 வழியாகப் பாஸ்வேர்டோடு அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்றாவது லோட் பேலன்சர், வரும் இணைப்புகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. ஹெச்ஏப்ராக்ஸி மாதிரி ஒன்று முன்னால் நின்றால் எல்லா இணைப்பும் அதன் முகவரியிலிருந்து வருவது இயல்பு. அதைப் பட்டியலில் சேர்ப்பது ரவுட்டர் கதையேதான். போஸ்ட்ஃபிக்ஸ் 2.10 முதல் எஸ்எம்டிபிடி_அப்ஸ்ட்ரீம்_ப்ராக்ஸி_ப்ரோட்டோகால் என்ற அமைப்பு இருக்கிறது, அதை ஹெச்ஏப்ராக்ஸி என்று வைத்து, அந்தப் பக்கத்திலும் ப்ராக்ஸி ப்ரோட்டோகாலை இயக்கினால் உண்மையான முகவரி வந்து சேரும். இதை இயக்கிய போர்ட்டில் நேரடியாக வரும் இணைப்புகள் வேலை செய்யாது, அதனால் மாஸ்டர் ஃபைலில் தனிப் போர்ட் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

நான்காவது, எழுதிய ரேஞ்சே தப்பு. 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 தனியார் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது மூன்றே தொகுதிகள்: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16. நடுவில் இருப்பது 172.16 முதல் 172.31 வரை மட்டும்தான். "172 எல்லாம் உள் முகவரி" என்று நினைத்து 172.0.0.0/8 எழுதினால் பொது இணையத்தில் இருக்கும் நிறைய மெஷின்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டீர்கள். அதேபோல மைநெட்வொர்க்ஸ்_ஸ்டைலில் கிளாஸ் என்பது பழைய ஏ, பி, சி வகுப்புக் கணக்கு. உங்கள் விபிஎஸ்ஸுக்கு (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) கொடுத்த முகவரி 10இலோ 50இலோ தொடங்கினால் ஒரு முழு /8 உள்ளே வரும், இன்றைக்கு அதைப் பயன்படுத்த எந்த நியாயமும் இல்லை. சப்நெட் கூட விபிஎஸ்ஸில் ஆபத்துதான்: பொது முகவரிக்கு /24 மாஸ்க் கொடுத்திருந்தால், அதே நெட்வொர்க்கில் வாடகைக்கு இருக்கும் இருநூற்றுச் சொச்சம் முகம் தெரியாதவர்களும் உங்கள் ஆட்கள் ஆகிவிடுகிறார்கள்.

எக்ஸிம் இந்த இடத்தில் ஊகிக்கவே ஊகிக்காது, அது எனக்குப் பிடிக்கும். அதன் இயல்பு கான்ஃபிக்கில் ரிலே_ஃப்ரம்_ஹோஸ்ட்ஸ் பட்டியலில் லோக்கல்ஹோஸ்ட் மட்டும் இருக்கும், மற்றதை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆனால் ரவுட்டர், டாக்கர் இரண்டும் முகவரியை மாற்றி அனுப்பினால் எக்ஸிமும் அதே குழியில்தான் விழும்.

அறிகுறி: ரீபூட் ஆனதும் சர்வர் எழுவதில்லை, கையால் ஸ்டார்ட் செய்தால் எழுகிறது

லாகில் ஐநெட்_இன்டர்ஃபேசஸ் பெயரோடு "நோ லோக்கல் இன்டர்ஃபேஸ் ஃபவுண்ட் ஃபார்" என்றும், பின்னால் ஒரு முகவரியும் இருக்கும். ஐநெட்_இன்டர்ஃபேசஸில் குறிப்பிட்ட முகவரி ஒன்றை எழுதியிருக்கிறீர்கள், போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்கிய நொடியில் அந்த முகவரி இன்னும் எந்த இன்டர்ஃபேஸிலும் ஏறவில்லை. எழுதியது பெயராக இருந்தால் "ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்" என்று வரும், டிஎன்எஸ் இன்னும் எழவில்லை.

சிஸ்டம்டி யூனிட்டில் நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்டுக்குப் பிறகு தொடங்கும்படி சேர்த்தால் போதும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ஐநெட்_இன்டர்ஃபேசஸை ஆல் என்று வைத்துவிட்டு, எங்கிருந்து இணைக்கலாம் என்பதை ஃபயர்வாலில் கட்டுப்படுத்துங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தம்.

இரண்டு மெஷின்களுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கும் மிதக்கும் முகவரி வைத்திருப்பவர்கள், கீப்அலைவ்டி மாதிரி, இதில் நிச்சயம் மாட்டுவார்கள். காத்திருக்கும் மெஷினில் அந்த முகவரி இருக்காது, போஸ்ட்ஃபிக்ஸ் தொடங்காது. கெர்னலில் இல்லாத முகவரியோடும் பைண்ட் செய்ய அனுமதிக்கும் சுவிட்சைப் போட்டாலும் பயன் இல்லை, ஏனென்றால் பைண்ட் செய்யும் முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் இன்டர்ஃபேஸ் பட்டியலில் தேடிப் பார்த்து நின்றுவிடுகிறது. ஆல் என்று வைப்பதுதான் வழி.

ஐநெட்_இன்டர்ஃபேசஸை மாற்றினால் ரீலோட் போதாது, முழுதாக நிறுத்தித் தொடங்க வேண்டும். மாற்றிவிட்டு ரீலோட் செய்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று அரை மணி நேரம் போவது இங்கேதான்.

அறிகுறி: சர்வர் ஓடுகிறது, வெளியிலிருந்து யாராலும் இணைக்க முடியவில்லை

ஃபயர்வாலைத் திறந்தாயிற்று, ரவுட்டரைப் பார்த்தாயிற்று, "கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு". எஸ்எஸ் கமாண்டில் போர்ட் 25 எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 மட்டும் இருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மெஷினின் பெயர் 127.0.0.1க்கு எதிரே எழுதப்பட்டிருக்கலாம். நீங்கள் ஐநெட்_இன்டர்ஃபேசஸில் மைஹோஸ்ட்நேமைக் கொடுத்திருந்தால், பெயர் அந்த முகவரியாக மாறி, சர்வர் லூப்பேக்கில் (மெஷின் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் முகவரியில்) மட்டும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். டெபியன், உபுண்டு இரண்டும் நிலையான முகவரி இல்லாத மெஷினில் அந்தப் பெயரை 127.0.1.1க்கு எதிரே எழுதிவிடும், அது இன்டர்ஃபேஸ் பட்டியலில் இல்லாததால் போஸ்ட்ஃபிக்ஸ் மேலே சொன்ன "நோ லோக்கல் இன்டர்ஃபேஸ் ஃபவுண்ட் ஃபார்" பிழையோடு தொடங்காமலே நின்றுவிடும். ஆல் என்று மாற்றுங்கள், அல்லது ஹோஸ்ட்ஸ் ஃபைலில் உண்மையான முகவரியை எழுதுங்கள்.

இதே 127.0.1.1 எக்ஸிமில் வேறு முகத்தோடு வரும். ஸ்மார்ட்ஹோஸ்டின் (நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பிக் கொடுக்கும் சர்வர்) பெயர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் தவறுதலாக உள்ளூர் முகவரியாக மாறினால் "ரிமோட் ஹோஸ்ட் அட்ரஸ் இஸ் தி லோக்கல் ஹோஸ்ட்" என்று சொல்லி மெயிலை உறைய வைத்துவிடும். 127இல் தொடங்கும் எதையும் எக்ஸிம் தன் சொந்த முகவரியாகவே கருதும், அதில் தப்பே இல்லை. எக்ஸிம் கான்ஃபிக்கின் ரவுட்டர் பகுதியில் (மெயில் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது, நெட்வொர்க் ரவுட்டர் அல்ல) செல்ஃப் என்ற தேர்வை சென்ட் என்று மாற்றி இதை வாயடைக்கலாம் என்று அறிவுரை கிடைக்கும். செய்யாதீர்கள், பிழைச் செய்தி போய் லூப் வந்து நிற்கும்.

அறிகுறி: "லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்"

ஒரே செய்தி, மூன்று வெவ்வேறு நோய்கள்.

முதலாவதில் முகவரிக் கண்டுபிடிப்பு சரியாகவே நடந்திருக்கிறது. ஒரு டொமைனின் எம்எக்ஸ் பதிவு (அதன் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று டிஎன்எஸ்ஸில் சொல்வது) இந்த சர்வரைக் காட்டுகிறது, சர்வரும் "அது நான்தான்" என்று அடையாளம் கண்டுவிட்டது, ஆனால் அந்த டொமைனுக்காக மெயில் வாங்கிக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. மைடெஸ்டினேஷன், வர்ச்சுவல் டொமைன் பட்டியல்கள், ரிலே_டொமைன்ஸ் இவற்றில் ஒன்றில் டொமைனைச் சேர்க்க வேண்டும், ஒன்றில் மட்டும். எக்ஸிமில் இதற்கு இணையானது "லோயஸ்ட் நம்பர்டு எம்எக்ஸ் ரெக்கார்ட் பாயிண்ட்ஸ் டு லோக்கல் ஹோஸ்ட்", சென்ட்மெயிலில் "மெயில் லூப்ஸ் பேக் டு மீ", அங்கே டொமைனை டபிள்யூ கிளாஸில் (தன் பெயர்கள் என்று அது வைத்திருக்கும் பட்டியல்) சேர்க்க வேண்டும்.

இரண்டாவதில் சர்வர் நாட் (NAT) என்பதற்குப் பின்னால், அதாவது முகவரி மாற்றும் ரவுட்டருக்குப் பின்னால், இருக்கிறது. எம்எக்ஸ் காட்டுவது பொது முகவரியை, இன்டர்ஃபேஸில் இருப்பது 192.168.1.10. சர்வருக்குத் தான்தான் அந்தப் பொது முகவரி என்பது தெரியாது. அதனால் மெயிலை ரவுட்டருக்கு அனுப்ப, ரவுட்டர் அதைத் திருப்பி இவரிடமே கொண்டுவந்து சேர்க்கும். இப்படி நடக்கும்போது போஸ்ட்ஃபிக்ஸுக்கு இரண்டாவது பாதுகாப்பு ஒன்று இருக்கிறது: எதிரே இருப்பவர் வணக்கம் சொல்லும்போது போஸ்ட்ஃபிக்ஸின் சொந்தப் பெயரையே சொன்னால் "மை ஓன் ஹோஸ்ட்நேம்" என்று லாகில் எச்சரித்துவிட்டு நிறுத்திவிடும். லாகில் அந்த எச்சரிக்கை வரி இருந்தால் உங்கள் நோய் இதுதான். அந்த வலையும் தப்பினால், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரிசீவ்டு வரி (மெயில் கடந்த ஒவ்வொரு சர்வரும் தலைப்பில் சேர்ப்பது) கூடிக்கொண்டே போய், இயல்பு வரம்பான 50ஐத் தாண்டும்போது "டூ மெனி ஹாப்ஸ்" என்று விழும்.

மருந்து ப்ராக்ஸி_இன்டர்ஃபேசஸில் பொது முகவரியை எழுதுவது, எக்ஸிமில் எக்ஸ்ட்ரா_லோக்கல்_இன்டர்ஃபேசஸ். பேக்கப் எம்எக்ஸாக (முதன்மை சர்வர் விழுந்தால் அதற்காக மெயில் வாங்கி வைப்பது) ஓடும் சர்வருக்கு இது கட்டாயம். காரணம், எம்எக்ஸ் பட்டியலில் தன்னைக் கண்டால் தன்னையும் தனக்குச் சமமான, தனக்குப் பின்னால் வரும் எல்லாரையும் வெட்டிவிட்டு, முன்னால் இருப்பவர்களிடம் மட்டும் கொடுக்க முயல வேண்டும் என்பது விதி. தன்னை அடையாளம் தெரியாதவர் எங்கே வெட்டுவார்? முதன்மை சர்வர் நன்றாக ஓடும்வரை எதுவும் தெரியாது, அது விழுகிற அன்று, பேக்கப் உண்மையிலேயே தேவைப்படும் அன்று, மெயில் சுற்ற ஆரம்பிக்கும். மைநெட்வொர்க்ஸில் பொது முகவரியைச் சேர்த்துவிட்டு ஏன் சரியாகவில்லை என்று கேட்பவர்கள் முதல் கேள்விக்கு இரண்டாவது கேள்வியின் பெட்டியில் பதில் எழுதியிருக்கிறார்கள், அதுவும் பாஸ்வேர்ட் இல்லாத நம்பிக்கையைக் கூடுதலாகக் கொடுத்து.

மூன்றாவது, முகவரிக்கே தொடர்பில்லாதது. ஒரு விஎம்மை நகல் எடுத்து இரண்டாவது சர்வர் செய்தீர்கள், மைஹோஸ்ட்நேமை மாற்ற மறந்தீர்கள். ஒருவர் மற்றவருக்கு மெயில் கொடுக்கப் போனதும் தன் பெயரையே கேட்டுத் திரும்பிவிடுகிறார். பெயரை மாற்றினால் சரி.

அறிகுறி: ஒரே மெஷினிலிருந்து சிலநேரம் போகிறது, சிலநேரம் மறுக்கிறது

மைநெட்வொர்க்ஸை எழுதாமல் சப்நெட் ஊகத்தில் விட்டிருந்து, விபிஎன் இன்டர்ஃபேஸ் ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் இப்படி வரும். ஒவ்வொரு எஸ்எம்டிபி ப்ராசஸும் தான் தொடங்கும்போது இருந்த இன்டர்ஃபேஸ் பட்டியலைத்தான் தெரிந்து வைத்திருக்கும். விபிஎன் ஏறுவதற்கு முன் பிறந்தவர் மறுப்பார், பின் பிறந்தவர் வாங்குவார். வேலையில்லாத ப்ராசஸ் 100 நொடியில் இறந்துபோவதால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானதுபோல் இருக்கும், அதனாலேயே பிடிக்கக் கஷ்டம். விபிஎன் ரேஞ்சைக் கையால் எழுதிவிடுங்கள், அதுவும் அந்த விபிஎன்னில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு.

அறிகுறி: ஸ்பேம் வடிகட்டி எல்லா மெயிலையும் நம்புகிறது

ஸ்பேம்அசாசின் தலைப்புகளில் "ஆல்_டிரஸ்டட்" என்ற விதி வெளி மெயில்களிலும் விழுகிறதா? இங்கே ஊகிப்பது போஸ்ட்ஃபிக்ஸ் இல்லை, ஸ்பேம்அசாசின். அது ரிசீவ்டு வரிகளைப் படித்து எது வரை நம் பக்கம் என்று கணக்குப் போடுகிறது. மெயில் வாங்கிய சர்வருக்குத் தனியார் முகவரி இருந்தால், அது நேரடியாக இணையத்திலிருந்து வாங்கியிருக்க முடியாது, அதற்கு முன்னால் இருப்பவரும் நம் ஆளாகத்தான் இருப்பார் என்று நினைக்கும். நாட் ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வரில் முன்னால் இருப்பவர் ஸ்பேமர். டிரஸ்டட்_நெட்வொர்க்ஸ், இன்டர்னல்_நெட்வொர்க்ஸ் இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள்: சர்வரின் உள் முகவரி, உங்களுக்காக வெளியே மெயில் வாங்கும் பேக்கப் எம்எக்ஸ் இருந்தால் அதுவும்.

ஆனால் அதற்கு முன் "கனெக்ட் ஃப்ரம்" வரிகளை ஒருமுறை பாருங்கள். ரவுட்டரோ டாக்கரோ முகவரியை மாற்றினாலும் இதே அறிகுறி வரும், கறுப்புப் பட்டியல் சோதனைகள் எதுவும் வேலை செய்யாது.

அறிகுறி: சென்ட்மெயில் தொடங்க நிமிடக்கணக்கில் ஆகிறது

சென்ட்மெயில் தொடங்கும்போது இன்டர்ஃபேஸ்களை எல்லாம் தேடி, ஒவ்வொரு முகவரிக்கும் பெயர் கேட்டு டபிள்யூ கிளாஸில் சேர்க்கும். டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் காத்திருக்கும். விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்கள் நிறைய உள்ள மெஷினில் டோன்ட்ப்ரோப்இன்டர்ஃபேசஸ் என்ற அமைப்பை இயக்கிவிட்டு, உங்கள் பெயர்களையும் முகவரிகளையும் நீங்களே அந்தக் கிளாஸில் எழுதுங்கள். "அன்குவாலிஃபைடு ஹோஸ்ட்நேம் அன்னோன், ஸ்லீப்பிங் ஃபார் ரீட்ரை" என்று லாகில் இருந்தால் அது வேறு: ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மெஷினின் முழுப் பெயர் இல்லை.

மாற்றிய பிறகு சோதிப்பது

உள்ளிருந்து சோதித்து ஒரு பயனும் இல்லை, நீங்கள் பட்டியலுக்குள் இருக்கிறீர்கள். வீட்டு இணைப்பிலும் மொபைலிலும் போர்ட் 25ஐப் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருப்பதால் வெளியே எங்காவது உள்ள ஒரு விபிஎஸ்ஸிலிருந்து, போர்ட் 25 வெளியே திறந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, டெல்நெட்டிலோ ஸ்வாக்ஸ் என்ற மெயில் சோதனைக் கருவியிலோ இணையுங்கள். பெறுநராக உங்கள் டொமைனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு முகவரியை, உங்களுடைய வேறொரு கணக்காக இருந்தால் நல்லது, கொடுங்கள். 454 அல்லது 554 வர வேண்டும். இதை ஒருமுறை ஐபிவி4 முகவரிக்கும் இன்னொரு முறை ஐபிவி6 முகவரிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள், பெயரைக் கொடுத்தால் எது வழியாகப் போனது என்று தெரியாது. செய்துகொண்டிருக்கும்போதே இன்னொரு ஜன்னலில் சர்வரின் லாகைத் திறந்து வைத்து, உங்கள் விபிஎஸ்ஸின் உண்மையான முகவரிதான் அங்கே பதிவாகிறதா என்று பாருங்கள். ஐபிவி4இல் 554 வந்து, ஐபிவி6இல் 250 (ஏற்றுக்கொண்டேன் என்ற பதில்) வந்தால், மேலே டாக்கர் பத்திக்குத் திரும்பிப் போங்கள்.